நான் துவைத்துப் போட்ட படங்கு

அந்தப் படங்கைத் துவைத்தது நான்தான். யாரும் என்னைத் துவைக்கச் சொல்லவில்லை. அழுக்காக இருக்கிறது, நாற்றம் வருகிறது, நாய்க்குச் சொறி பிடிக்கும் என்று அன்றைக்கு என் கணவரிடம் அடுக்கிக்கொண்டே போனேன். அத்தனையும் பொய். பொறாமையில் துவைத்தேன். சவர்க்காரம் போட்டு ஒரு தடவை, வெந்நீரில் ஒரு தடவை, அதிலும் மனம் ஆறாமல் ஃபினைல் கலந்த தண்ணீரில் இன்னொரு தடவை.

படங்கு என்பது தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற சாக்கு. செடி கீறாது, பனித் தண்ணீர் சேலையில் ஏறாது. இந்தப் படங்கு எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த ஒருத்தியுடையது. அவள் வளர்த்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தது.

என் கணவர் மின்சார வேலை செய்கிறவர். அவள் இருந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வயர் மாற்றப் போனவர், திரும்பி வந்து சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த அம்மா மகளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொழும்புக்குப் போகிறாளாம், மகள் இருப்பது மாடியில் ஒற்றை அறையாம், நாயைக் கொண்டுபோக வழியில்லையாம். அவர் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் நான், "நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க" என்றேன். அவர் கை அப்படியே நின்றது. நாய் பூனை என்றாலே முகம் சுளிக்கிறவள் நான்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். போனில் முகம் தெரிந்தவுடன் அவள் கேட்கிற முதல் கேள்வி, "அப்பா எங்கம்மா?" பிறந்ததிலிருந்தே அவள் அப்பா பிள்ளை. வீட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான்; என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள்கூட அளவு கொடுத்துவிட்டு வாசலில் அவரோடுதான் நின்று சிரித்துப் பேசுவார்கள். நான் வாய்க்காரி என்பது மாத்தளை டவுனில் பாதிப் பேருக்குத் தெரியும். என்னைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் யார் என்று எண்ணினால் ஒரு கையிலேயே விரல் மிச்சமிருக்கும். என்னிடம் முதலில் ஓடிவருகிற ஒரு ஜீவன் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இது ஒரு குற்றமா?

தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் சேருகிற இடத்துக்கு அவளே நாயைக் கொண்டுவந்தாள். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை, ஒரு காது மடிந்திருந்தது. அவள் படங்கை மடித்து த்ரீவீலருக்குள் வைத்தாள். நாய் தாவி அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"அக்கா, இத அது பக்கத்துலயே போட்டு வைங்க. இது இருந்தா அது இருந்துக்கும்" என்றாள்.

என்னைவிட ஐந்து வயதாவது மூத்தவள். நான் அவளுக்கு அக்காவாம். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டு நாள் நாய் என் தையல் அறை மூலையில் படங்குக்குள் மூக்கைப் புதைத்துக் கிடந்தது. நான் கருவாட்டுத் தலை வேகவைத்துக் கொடுத்தேன், ஈரல் கொடுத்தேன். வந்தது, தின்றது, என்னை ஏறெடுத்தும் பாராமல் படங்குக்குத் திரும்பிப் போனது. அவள் வைத்த பெயரை மாற்றி நான் அழகாக ஒரு பெயர் வைத்திருந்தேன். கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் படுத்திருந்தது. ஈரல் என்னுடையது, மூக்கு அவளுடைய சாக்கில். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மூன்றாம் நாள் துவைத்துக் கொடியில் போட்டேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற படங்கை அண்ணாந்து பார்த்தபடி நாய் பகல் முழுக்கக் கொடிக்குக் கீழே நின்றது. காய்ந்த பிறகு பக்கத்தில் போட்டேன். முகர்ந்து பார்த்தது. இன்னொரு தடவை முகர்ந்தது. பிறகு எழுந்து போய்விட்டது. நான் படங்கைச் சுருட்டி ஸ்டோர் ரூம் மேல்தட்டில் எறிந்தேன். அன்று மாலை என் தையல் மெஷினுக்கு அடியில் முதல் குளம்.

அதன் பிறகு தினமும் இதே கதைதான். பின்பக்கத்துப் புல்தரையில் அரைமணி நேரம் விட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நிற்பேன். அது ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைக்கும், என்னைப் பார்க்கும், ஒன்றும் பண்ணாது. உள்ளே வந்ததும் சிமெண்டுத் தரையில் சுவர் ஓரமாகப் போய்விடும். சில நாள் ஒன்றுக்கு, சில நாள் இரண்டுக்கும். நான் கத்தினேன். பிடித்து இழுத்து அதன் மூக்கை அதிலேயே தேய்த்தேன். நாய் வளர்த்த வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள் என்று பார்த்திருந்தேன். கொஞ்ச நாளில் நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே வாலைக் காலுக்கிடையில் விட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே ஈரம் பண்ண ஆரம்பித்தது. என் கணவர் வந்தால் மட்டும் அவர் காலடியில் போய் ஒண்டிக்கொள்ளும். அடேயப்பா, அங்கேயும் அவர்தான் முதல்!

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்டடியில் நீலம் கரைத்த தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் தெரு நாய் அசிங்கம் பண்ணாது என்பது நம்பிக்கை. நான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சுவர் ஓரமாகப் பதினொரு போத்தல், பளபளவென்று, கோயில் விளக்கு வரிசைபோல. நாய் நாலாவது போத்தலுக்கும் ஐந்தாவது போத்தலுக்கும் நடுவில், ஒரு சொட்டுக்கூடப் போத்தலில் படாமல், கச்சிதமாகப் போய்விட்டுப் படுத்தது. என் கணவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவருடைய சிரிப்பும் நீடிக்கவில்லை. கல்யாணப் பெண் ஒருத்தியின் பட்டு ஜாக்கெட் துணி மெஷினிலிருந்து வழுக்கி ஈரத்தில் விழுந்தது. கறை போகவே இல்லை. அந்தப் பெண்ணின் தாய் நடு வீட்டில் நின்று என்னை நார் நாராகக் கிழித்துவிட்டுப் போனாள். அன்று மாலை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். எப்போதாவதுதான் அப்படி உட்காருவார்.

"இந்தா பாரு, மாசி மகத் தேருக்குத் தங்கச்சி குடும்பம் வருது. சின்னப் புள்ளைங்க தரையில பொரளும். அதுக்குள்ள இது நிக்கணும். இல்லாட்டி ரிவர்ஸ்டன் பக்கம் நம்ம கூட்டாளி மரக்கறித் தோட்டம் போட்டிருக்கான். காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"காவலுக்கா? கட்டியா போடுவாங்க?"

"கட்டாம? பன்னி வார எடம். சங்கிலியிலதான் நிக்கும்."

மூடுபனியும் மழையுமாக இருக்கிற மேட்டில் ஒரு கொட்டிலும் சங்கிலியும் என் கண்ணில் வந்து நின்றன. என்னைக் கண்டால் நடுங்குகிற அந்த நாயை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டால், நாய்கூட என்னிடம் நிற்கவில்லை என்றாகிவிடும். அதுதான் உண்மை.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். சிங்களப் பெண், சின்ன வயது, தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். நாயைச் சோதித்தார், சிறுநீரையும் பார்த்தார்.

"இதுக்கு வருத்தம், நோய் ஒண்ணும் இல்ல. பயம். வீடு புதுசு, மணம் புதுசு, ஆள் புதுசு. நீங்க ஏசினா பயம் கூடும், பயம் கூடினா இன்னும் போகும். மூக்கைத் தேய்க்கிறதை நிப்பாட்டுங்க. அது பார்க்கத் துடைக்காதீங்க. ஃபினைல் வேணாம், விநாகிரி கலந்து துடைங்க. மணம் இருந்தா அதே இடத்துக்குத்தான் வரும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"பழைய வீட்டுச் சாமான் ஏதும் இருக்கா? அதைப் போட்டு வைங்க. பழைய ஆளுக்கிட்ட கேளுங்க, அங்க எந்த நேரம், எந்த இடத்துல போச்சுன்னு. கேட்டீங்களா?"

"கேட்டேன் டொக்டர்" என்றேன். பச்சைப் பொய். வீட்டுக்கு வந்து அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் செய்தேன். கத்துவதை நிறுத்தினேன். விநாகிரியில் துடைத்தேன். ஈரம் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை.

கேட்க வழி இல்லாமல் இல்லை. ஞாயிறு தவறாமல் அவள் கொழும்பிலிருந்து போன் எடுப்பாள். முதல் ஞாயிறு தெரியாத்தனமாக ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அவள், "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றதுதான் தாமதம், நாய் எழுந்து வந்து போனை நக்கியது. என் கையை அது ஒரு நாளும் நக்கியதில்லை. அதற்குப் பிறகு போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"வீட்ல ஏதும் பண்ணுதாக்கா?"

"சேச்சே, தங்கமா இருக்கு."

"படங்குல படுக்குதா?"

"அதுலதான் படுக்குது."

"ஒங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிச்சா?"

"என்ன விட்டு நகர மாட்டேங்குது."

அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சு இருக்காது. பிறகு, "சந்தோசம்க்கா" என்பாள். அந்த ஒரு நொடியில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் கிடைக்கும். அதற்காகவே அடுத்த ஞாயிறும் பொய் சொன்னேன். அவளிடம் வழி கேட்டால் என்ன அர்த்தம்? நாய் இன்னும் உன்னுடையதுதான், எனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று நானே என் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தேருக்கு எட்டு நாள் இருக்கும்போது அவர், "நாளைக்குப் பின்னேரம் கூட்டாளி வேன் வருது" என்றார். சங்கிலி வாங்கி வந்திருந்தார், பேப்பரில் சுற்றியிருந்தது. நாய் வந்து அந்தப் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு, என்னைப் பார்த்தது. நான் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"என்னக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை இல்லையே. அதுக்கு ஏதும் ஆயிருச்சா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஈரம், பட்டுத் துணி, போத்தல், வேன், சங்கிலி. படங்கைத் துவைத்ததையும் சொன்னேன். ஏன் துவைத்தேன் என்று அவள் கேட்கவில்லை.

"போகட்டும்க்கா. எடுத்துப் போடுங்க. படுக்கப் படுக்க அதோட வாசமே ஏறிரும். எங்க விடுறீங்க அத?"

"பின்னால, புல்லுல."

"ஐயோ, புல்லுல போகாதுக்கா! அட்டைக்குப் பயம். குட்டியில மூக்குக்குள்ள அட்டை ஏறிருச்சு. லயத்துக்கு முன்னால சிமெண்டு கான் ஓடுதுல்ல, அந்தக் கான் ஓரமாத்தான் போகும். ஒங்க வீட்டுக்கு முன்னால கான் இருக்கா?"

இருந்தது. ரோட்டோரமாக, கேட்டுக்கு வெளியே, மழைத்தண்ணீர் ஓடுகிற சிமெண்டு வாய்க்கால், கழுவிவிட்டதுபோல. நான்தான் நாயை அந்தப் பக்கம் விட்டதே இல்லை. உள்ளே சுவர் ஓரச் சிமெண்டில் போனதுகூட அதற்குக் கான் மாதிரி தெரிந்துதான் என்று அப்போது உறைத்தது.

"நின்னு பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதுக்கா. வெக்கப்படும். நீங்க முன்னால நடங்க, திரும்பிப் பாக்காதீங்க. அது பண்ணிட்டு ஓடியாந்துரும். அப்புறம்... காலையில பெரட்டுன்னு சொல்லணும்."

"என்ன?"

"பெரட்டுக்கா. நான் பெரட்டுக்குக் கெளம்புறப்ப, 'வா, பெரட்டு'ன்னு சொல்லுவேன். அதக் கேட்டாத்தான் அதுக்கு வெளிய போற நெனப்பே வரும்."

பெரட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் தோட்டத்தில் எல்லோரையும் கூட்டிப் பேர் சொல்லி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம், அந்த நேரம், இரண்டுக்கும் அதுதான் பேர். என் அம்மா பெரட்டுக்குப் போனவள். டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். விடியுமுன் எழுகிற பழக்கம் அவளை விடவில்லை. அப்பா வீட்டுக்காரர்கள், "என்ன, பெரட்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தச் சொல்லை என் வீட்டு வாசலில் விடக்கூடாது என்று பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே முடிவு பண்ணியிருந்தேன். இப்போது டவுனில், கடைக்காரர்கள் கதவு திறக்கிற தெருவில் நின்று அதையே நான் உரக்கச் சொல்ல வேண்டுமாம்.

மறுநாள் ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, உதட்டுக்குள் முணுமுணுத்தேன். நாய் காதைத் திருப்பியது. அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரி வாளியோடு மறுபடி வந்துவிட்டாள். பின்னேரம் வேன் வரும். என்ன வந்தால் என்ன என்று வாயைத் திறந்து, "வா! பெரட்டு!" என்றேன். அம்மாவின் குரல் அப்படியே என் தொண்டையிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

நாய் அம்பாகப் பாய்ந்தது. என்னைத் தாண்டி, கேட்டைத் தாண்டி. நான் அதையும் தாண்டி முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் பிறவிக்கு அதைப்போல் கஷ்டமான காரியம் வேறு இல்லை. கணவர் கடைக்குப் போனால்கூட யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்க்கிறவள் நான். பத்து அடி, இருபது அடி. பின்னால் நகம் தரையில் படுகிற சத்தம் நின்றது. கான் ஓரத்தில் நீர் விழுகிற சத்தம் கேட்டது. நடு ரோட்டில் நின்று அழுதேன்.

நாய் ஓடிவந்தது. என்னிடம் இல்லை. என்னைக் கடந்து தெரு முனைவரை போய், பஸ் வருகிற திசையில் நின்று தேடியது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவள் இருப்பாள் என்று நினைத்திருக்கிறது. என் வயிறு மறுபடி எரிந்தது. அழுத கண்ணோடே எரிந்தது.

அன்று பின்னேரம் வேன் வந்தது, காலையில் நடந்ததை என்னிடம் கேட்டிருந்த அவர் கூட்டாளிக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். சங்கிலி பொட்டலமாகவே மேல்தட்டில் ஏறியது, படங்கு கீழே இறங்கியது. ஒரு வாரத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. தெரு முழுக்க என்னை, "பெரட்டுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தது. "ஆமா, நீங்களும் வாறீங்களா, பேர் போட?" என்று நானும் கொடுத்தேன்.

தேர் அன்று அவள் வந்தாள். முத்துமாரியம்மனைக் கும்பிடக் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஹால் வாசலில் நின்று, "அக்கா" என்றதும் நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடி, அவள்மேல் விழுந்து புரண்டு, என் நாத்தனார் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நடு ஹாலிலேயே குளமாக்கிவிட்டது.

"ஐயையே! என்ன அண்ணி, இன்னும் பழக்கலையா?" என்றாள் நாத்தனார்.

"அது சந்தோசத்துல பண்றது. அதெல்லாம் பழக்கி நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு நான் துணி எடுக்கப் போனேன். பயத்தில் எனக்கு எத்தனையோ குளம் கொடுத்த நாய், சந்தோஷத்தில் ஒரு சொட்டுக் கொடுத்ததில்லை. துடைத்துக்கொண்டே அதைத்தான் நினைத்தேன்.

அவள் சோறு சாப்பிட்டாள். நாயின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். புறப்படும்போது தையல் அறை வாசலில் நின்றாள்.

"இனிமே வரமாட்டேன்க்கா. நான் வந்து வந்து போனா அதுக்குத்தான் கஷ்டம். மறைச்சு என்ன, ஒங்க மேல எனக்கு ஒரே எரிச்சலா இருக்கு. காலையில கண்ணு முழிச்சா, இந்நேரம் ஒங்ககூடத்தானே நடக்கும்னு நெனப்பு வரும். போன்ல நீங்க 'என்ன விட்டு நகர மாட்டேங்குது'ன்னு சொல்றப்பெல்லாம் அழுதுருவேன்."

பொறாமையா? என் மேலா!

"அந்தப் படங்க நான் எடுத்துக்கவா? இப்ப அதோட வாசம் அதுலதானே இருக்கு."

கொடுக்க மனமில்லை. அது இல்லாமல் மறுபடி தொடங்கிவிட்டால்? ஆனால் கொடுத்தேன். துவைக்காமல், உதறாமல், ரோமத்தோடு மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள். நாய் கேட்டுக் கம்பிக்குள் மூக்கை விட்டு அழுதது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் வைத்த பெயரைச் சொல்லியும் கூப்பிட்டேன், அவள் வைத்த பெயரைச் சொல்லியும் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை எழுந்தவுடன் தையல் அறைத் தரையைத்தான் பார்த்தேன். காய்ந்திருந்தது. படங்கு கிடந்த மூலையில் நாய் படுத்திருந்தது, கீழே ஏதோ துணி. அழுக்குக் கூடையிலிருந்து என் பழைய கவுனை இழுத்து வந்து, அதன் கழுத்துப் பக்கத்தில் மூக்கைப் புதைத்திருந்தது. வெங்காயமும் வியர்வையும் மெஷின் எண்ணெயும் நாறுகிற கவுன். இன்றுவரை நான் அதைத் துவைக்கவில்லை.